அரிசி நூல்: இடியாப்பத்தின் தரம் குறித்து ஓர் அறிவியல் நோக்கு

நூல் என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில், பஞ்சிலிருந்து நூல் நூற்கும் தொழிலோடு நூல் இயற்றும் தொழிலை ஒப்பிட்டு இவ்விரு பொருளையும் இணைத்துக் காட்டினார். இக்கட்டுரை மூன்றாவதொரு நூலைப் பற்றியது. அது அரிசி மாவினால் ஆகிய நூல். சேரநாட்டார் அதனை நூற்புட்டு என்றே வழங்குவர். நாம் இடியாப்பம் என்கிறோம். ஈழத் தமிழர் இடியப்பம் என்பர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது புட்டு மாயம் என்னும் பெயரோடு, தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் கூட்டி உண்ணப்படுகிறது.

தமிழ்த்துறை மலரில் அடுக்களைக்கு என்ன வேலை எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. நம் பகுதி இல்லங்களில் இடியாப்பம் இழை அறுந்து உதிர்ந்துவிட்டாலோ, களிபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ, பழி யார்மேல் விழுகிறது? புதிதாய் வந்த மருமகளின் கைமேல் விழுகிறது. "கைப்பக்குவம் போதாது" என்று ஒரு சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். திருமணத்திற்கு மறுநாட் காலையில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் படைக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இத்தீர்ப்பு ஊர் முழுவதும் பரவிவிடும். ஆனால் குற்றம் கையிலா, அரிசியிலா, அரைவையிலா, நீரின் சூட்டிலா என்று ஆராய்ந்தவர் அரியர். ஆராய்ந்து பார்த்தால் பெரும்பகுதி குற்றம் அரிசி வாங்கி வந்தவரையே சாரும். அவர் பெரும்பாலும் திண்ணையில் அமர்ந்து குறை கூறிக்கொண்டிருப்பவராகவே இருப்பார்!

இலக்கியத்தில் இழை

கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கூவியர் என்னும் அப்பவாணிகர் ஆக்கிய ஒரு பண்டம் உவமையாக வருகின்றது. பாகு கூடியது, இழைகள் சூழ்ந்தது, வட்டமானது, பாலில் இடப்பட்டது என்பன அதன் இயல்புகள். தேங்காய்ப்பாலில் இட்ட இடியாப்பத்தை உண்டு பழகிய நமக்கு இவ்வருணனை வியப்பளிக்கும். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, தேனடை போன்ற வரிகளையுடைய மெல்லிய அடை ஒன்றினைக் குறிக்கின்றது. உணவு வரலாற்றறிஞர் கே.டி. அச்சயா இடியாப்பத்தின் தொன்மையைச் சங்க காலத்திற்கே கொண்டு செல்வார்.

இது இடியாப்பமே என்று அறுதியிட்டுரைக்க எமக்குத் துணிவில்லை. இழை சூழ்தல் என்பது அப்பத்தின் ஓரத்தில் தோன்றும் சரிகை போன்ற பின்னலையும் குறிக்கலாம். துளையிட்ட உழக்கில் மாவை இட்டுப் பிழியும் கருவி பற்றிய குறிப்பு அவ்விடத்தில் இல்லை. ஆயினும் தொண்டை நாட்டு மக்கள் மாவை இழை வடிவில் கண்டு சுவைத்தனர் என்னும் அளவிற்கு அப்பாட்டு சான்றாகும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றவுடன் குடவோலை முறையை மட்டும் நினைக்கிறோம். முதற் பராந்தகன் காலத்து, அதாவது கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்த அக்கல்வெட்டுகளில் ஏரி வாரியமும் இடம்பெற்றுள்ளது. ஏரியைக் காக்க ஒரு வாரியம் அமைத்த ஊர், நெல்லை நம்பி வாழ்ந்த ஊர் என்பது சொல்லாமலே விளங்கும். அத்தகைய ஊரில் நெல்லின் வகையறிந்து பண்டம் செய்யும் அறிவு தழைத்திருந்ததில் வியப்பில்லை.

பசையில்லா மாவு இழையாவது எங்ஙனம்?

உலகில் மாவை நூலாக்கும் முறைகள் பல. அவற்றை இரு குலங்களாகப் பகுக்கலாம். ஒன்று கோதுமைக் குலம். மற்றது அரிசி, பயறு, சிறுதானியம் ஆகியவற்றின் குலம். கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையடின் என்னும் புரதங்கள் உள்ளன. நீர் விட்டுப் பிசையும்போது அவை ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்னும் வலையாகின்றன. இழுத்தால் நீள்வதும் விட்டால் சுருங்குவதும் அவ்வலையின் இயல்பு. அதனால்தான் சீனர் கோதுமை மாவைக் கையாலேயே இழுத்து மெல்லிய இழைகளாக்குகின்றனர். நம் பரோட்டாக்காரர் மாவை வீசி விரிப்பதும் அதனாலேயே.

அரிசியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு புரதம் உண்டெனினும், அது வலையாகும் புரதம் அன்று. அரிசி மாவைத் தண்ணீரில் பிசைந்து இழுத்தால் அது பிட்டாய் உடையும். ஆகவே அரிசி இழையைத் தாங்கி நிற்பது புரதம் அன்று. மாப்பொருள் எனப்படும் ஸ்டார்ச்சே ஆகும். இவ்வொன்றை மனத்திற் கொண்டால், இடியாப்பம் செய்வதன் ஒவ்வொரு படியும் எதற்கு என்பது தானே விளங்கும்.

மாப்பொருள் நுண்ணிய மணிகளாக உள்ளது. தானியங்களுள் மிகச் சிறிய மணிகளையுடையது அரிசி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் மூன்று முதல் எட்டுக் கூறளவே ஒரு மணியின் குறுக்களவு. இம்மணிக்குள் இருவகை மூலக்கூறுகள் அடங்கியுள்ளன. அமைலோஸ் என்பது பெரும்பாலும் கிளையற்ற நீண்ட சங்கிலி. அமைலோபெக்டின் என்பது கிளைகள் பல விரிந்த மரம் போன்றது. குளிர்ந்த நீரில் மணி அசையாது. நீரோடு சூடும் சேர்ந்தால், அரிசியின் இனத்திற்கேற்ப 55 முதல் 79 செல்சியஸ் பாகைக்குள், மணி நீரை உறிஞ்சி உப்பித் தன் ஒழுங்கை இழக்கும்; அமைலோஸ் வெளியே கசியும். இதனைப் பசையாதல் என்னலாம். ஆறும்போது அச்சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கெட்டிப்படும். கஞ்சி ஆறினால் ஆடை படிவதும், சோறு ஆறினால் விறைப்பதும் இதன் விளைவே. கோதுமையில் குளூட்டன் செய்யும் வேலையை அரிசி இழையில் இக்கெட்டிப்பாடு செய்கின்றது.

சீன நாட்டின் லாஜியா என்னுமிடத்தில் கவிழ்ந்து கிடந்த மண்கலத்தின் கீழ் ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழமையுடைய இழையுணவு கிடைத்ததாக 2005 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அது தினை வகைத் தானியங்களால் ஆயது என்றனர். பசைப்புரதம் இல்லாத தானியத்தை எப்படி இழுத்து நூலாக்கினர் என்று வேறு ஆய்வாளர் மறுத்தனர். பின்னர், மாவின் மாப்பொருளைப் பசையாக்கித் துளைகளின் வழியே பிழிந்தால் அத்தகைய இழை வரும் என்று செய்து காட்டப்பட்டது. இடியாப்ப உழக்கைக் கையாண்ட எந்தத் தமிழ்ப் பெண்ணும் அந்த ஐயத்தை ஒரு காலைப்பொழுதில் தீர்த்து வைத்திருப்பாள்.

எந்த அரிசி?

தரத்தை முதலில் தீர்மானிப்பது அமைலோஸின் அளவு. மாப்பொருளில் நூற்றுக்கு 20 வரை அமைலோஸ் உடைய அரிசியைக் குறைந்த வகை என்றும், 20 முதல் 25 வரை உடையதை நடுத்தரம் என்றும், 25-க்கு மேற்பட்டதை மிகுந்த வகை என்றும் அறிஞர் வகுப்பர். அமைலோஸ் அறவே அற்ற அரிசியும் உண்டு. கீழை நாடுகளில் இனிப்புப் பண்டங்களுக்குப் பயன்படும் ஒட்டரிசி அது. இழையுணவுக்கு ஏற்றது மிகுந்த வகையே. அமைலோஸ் குறைந்த அரிசியில் பிழிந்த இழை ஆவியில் குழைந்து ஒன்றாகிவிடும். எத்தனை கைப்பக்குவம் இருந்தாலும் பயனில்லை.

இங்கு ஒரு முரண் உள்ளது. சோற்றுக்கு மென்மையும் பொலிவும் வேண்டுகிறோம். அவை நடுத்தர அமைலோஸ் உடைய அரிசியில் கிடைக்கும். பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966 ஆம் ஆண்டு வெளியிட்ட ஐ.ஆர். 8 விளைச்சலில் வியக்கத்தக்கதாயினும், அமைலோஸ் மிகுந்தமையால் அதன் சோறு ஆறியபின் விறைக்கும் என்று மக்கள் குறைபட்டனர். அதன்பின் 1985 இல் வந்த ஐ.ஆர். 64 நடுத்தர அமைலோஸ் உடையது, சோற்றுக்கு விரும்பப்பட்டது. சோற்றுக்குக் குற்றமானது இடியாப்பத்திற்குக் குணமாகும். சோற்றுக்கென உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய மென்மையான புத்தரிசியை மாவாக்கி, இடியாப்பம் ஒட்டிக்கொண்டது என்று வருந்துவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. நம் முன்னோர் சோற்று நெல் வேறு, பலகார நெல் வேறு என வைத்திருந்தனர். அம்பை 16, ஆடுதுறை 37 முதலிய குண்டு நெல் வகைகளை இன்றும் பலகாரத்திற்கென்றே கேட்டு வாங்குவோர் உளர்.

இரண்டாவது, அரிசியின் வயது. அறுவடையாகிச் சில திங்கள் இருந்த பழைய அரிசி வேகும்போது குறைவாகவே குழையும். புத்தரிசி பொங்கலுக்கு, பழைய அரிசி இடியாப்பத்திற்கு என்பது அடுக்களை இலக்கணம்.

மாவும் வெந்நீரும்

பச்சரிசியைக் கழுவி இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் உலர்த்தி, ஈரம் சற்றே இருக்கும்போது இடித்தல் பழைய முறை. இடித்தலால் வந்தது இடியாப்பம் என்பர். இயந்திரம் வந்தபின் உலர்ந்த அரிசியையே கொண்டு கொடுத்துவிடுகிறோம். உலர் அரைவையில் மணிகள் மிகுதியாகச் சிதைகின்றன, சூடும் ஏறுகின்றது. சிதைந்த மணி குளிர்ந்த நீரையும் உறிஞ்சும். அத்தகைய மாவு பிசையும்போதே பிசுபிசுக்கும். ஈர அரிசியில் மணிகள் எளிதில் பிரிவதால் சிதைவு குறைவு. மாவும் நுண்ணிதாக வரும். அரைவை நிலையத்திலிருந்து சூடாக வந்த மாவைக் கட்டி வைக்காமல் தாளில் பரப்பி ஆறவிடவேண்டும் என்று பாட்டியர் கூறுவது பொருளற்ற சடங்கன்று. சூட்டில் வேர்த்து மாவு கட்டிப்பட்டுப் புளிக்கும்.

அடுத்து, மாவைச் சட்டியில் வெதுப்புவோரும் உளர். துணியில் முடிந்து ஆவியில் அவித்துச் சலிப்போரும் உளர். இரண்டிற்கும் நோக்கம் ஒன்றே. குறைந்த ஈரத்தில் சூடேற்றிய மாப்பொருள் மணி, பின்னர் நீரில் வேகும்போது அளவுக்கு மீறி உப்பாது, இழை உறுதியாகும். சிவக்க வறுத்துவிட்டாலோ மாவு பிணைப்பை இழந்துவிடும். கோலப்பொடி போல விரலிடையே தடையின்றி வழியும் பதமே போதும். இப்பதத்தை வெப்பமானி இன்றிச் சொல்லால் காட்டிய மொழித்திறனை மாணவர் கருதுக.

கொதிநீர் வார்த்துப் பிசைவதே இத்தொழிலின் உயிர்நிலை. கொதிநீர் பட்ட மாவில் ஒரு பகுதி மட்டும் உடனே பசையாகும். அப்பசை ஏனைய மாவைச் சேர்த்துப் பிடிக்கும். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் பசையாகும் சூட்டை மாவு எட்டாது. பிழியும்போது இழை துண்டுதுண்டாக விழும். நீர் மிகுந்தால் இழை அச்சிலிருந்து வழிந்து தட்டில் ஒன்றாகப் படியும். நீரின் அளவு மாவுக்கு மாவு வேறுபடும். ஆதலின் "ஒரு படி மாவுக்கு இத்தனை நீர்" என அச்சிட்ட குறிப்பை நம்புவதினும், சிறிது சிறிதாக வார்த்து அகப்பைக் காம்பினால் கிளறிப் பார்ப்பதே நன்று. உப்பு சுவைக்கு. நல்லெண்ணெய் ஒரு கரண்டி சேர்ப்பது ஒட்டாமைக்கு. எண்ணெயில் உள்ள கொழுப்புப் பொருள் இழைகளின் மேற்பரப்பில் படர்ந்து ஒன்றோடொன்று ஒட்டாதபடி காக்கும்.

பிசைந்த மாவைச் சூடு ஆறுமுன் பிழிந்துவிடவேண்டும். ஆறினால் அமைலோஸ் கெட்டிப்படத் தொடங்கும். உழக்கை அழுத்தத் தோள்வலி மிகும். கை வலிக்கிறதென்று மேலும் நீர் சேர்ப்பர். ஆவியில் அதன் பயனைக் காண்பர்.

பிழிந்து அவித்தலும், அவித்துப் பிழிதலும்

சேவையும் இடியாப்பமும் ஒன்றெனவே பலர் கருதுவர். உருவம் ஒன்றாயினும் செயல்முறை தலைகீழ். இடியாப்பத்தில் அரைகுறைப் பசையான மாவைப் பிழிந்து, பின் அவிக்கின்றோம். சேவையில், கொங்கு நாட்டார் சந்தகை என்பதும் இதுவே, புழுங்கலரிசியை ஊறவைத்து நீரோடு அரைத்து, முதலில் முழுவதும் அவித்து, சூடு தணியுமுன் பிழிகின்றோம். முற்றிலும் வெந்த மாப்பொருள் அழுத்தத்தில் ஒரே தொடராக வெளிவருவதால் சேவையின் இழை நீளமானது, வழவழப்பானது. தாளித்துக் கிளறினாலும் அறாது. இடியாப்பத்தின் இழை மேற்பரப்பு சொரசொரப்பானது; பாயாவையோ தேங்காய்ப்பாலையோ உறிஞ்சிக்கொள்ள அதுவே ஏற்றது. எனவே எது உயர்ந்தது என்ற வழக்கு வீண். எதனோடு உண்பது என்பதே வினா. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களில் வட்டிலப்பத்தோடு இடியாப்பம் படைப்பதும் இப்பொருத்தம் அறிந்தே. சீனரின் அரிசி இழையில் இவ்விரு முறையும் கலந்துள்ளன: அரைத்து, பாதி அவித்து, பிழிந்து, மீண்டும் அவித்து உலர்த்துவர்.

அவிக்கும்போது கவனிக்கத்தக்கது மூடியிலிருந்து சொட்டும் நீர். அது விழுந்த இடத்தில் இழை கூழாகும். மூடியின் உட்புறம் துணி கட்டுவது அதற்காகவே. மூங்கில், ஓலைத் தட்டுகளில் ஆவி அடியிலிருந்தும் ஊடுருவும். உலோகத் தட்டில் துளை போதாவிடில் நடுப்பகுதி மாவாகவே நின்றுவிடும்.

கோதுமையின் வழி

சிசிலித் தீவின் டிராபியா என்னும் ஊரில் இத்ரிய்யா எனப்படும் கோதுமை இழையுணவு பெருமளவில் செய்யப்பட்டு, கப்பல்களில் முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்துவ நாடுகளுக்கும் அனுப்பப்பட்டதை, அரபுப் புவியியலறிஞர் அல் இத்ரீசி 1154 ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தம் நூலில் எழுதினார். உலர்த்தினால் கெடாது என்பதே அவ்வாணிகத்தின் அடிப்படை. நோன்புப் பெருநாளன்று நாம் காய்ச்சும் சேமியாவும் அவ்வகையினதே. உருதுவில் சேவியான், மராத்தியில் சேவயா, கன்னடத்தில் சாவிகே என வழங்கும் சொற்களோடு நம் சேவையும் ஒலியால் நெருங்கியிருத்தல் காண்க. சேமியாவின் தரத்தை அறிய எளிய வழி, வெந்த நீரைப் பார்ப்பது. நீர் கஞ்சிபோல் வெளுத்தால் மாப்பொருள் கரைந்து போயிற்று, புரத வலை வலுவில்லை என்று பொருள். நெய்யில் வறுப்பது மணத்திற்கு மட்டுமன்று. இழைகள் பாலில் ஒட்டாதிருக்கவும் அது உதவும்.

1958 இல் ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த உடனடி நூடுல்ஸ் இதன் மறுவடிவம். அவித்த இழையை எண்ணெயில் பொரிக்கும்போது உள்நீர் ஆவியாகி வெளியேறி நுண்துளைகளை விட்டுச் செல்லும். அத்துளைகளின் வழியே கொதிநீர் விரைந்து புகுவதால் சில நிமிடங்களில் வேகின்றது. அவ்விரைவுக்கு விலையாக எண்ணெய் உள்ளே தங்குகின்றது. 1980-களில் இந்தியச் சந்தைக்கு வந்த இவ்வுணவு இன்று சிற்றூர்ப் பெட்டிக்கடைகளிலும் தொங்குகின்றது. அதனைப் பழித்தல் எம் நோக்கமன்று. அதை அறிவியல் என்றும், உழக்கில் பிழிவதைப் பத்தாம்பசலி என்றும் கூறும் இளையோர்க்கு இரண்டிலும் நிகழ்வது ஒரே வேதியியலே என்று கூறினால் போதும்.

இவ்விடத்து ஒரு நுட்பம். கோதுமை மாவில் இடியாப்பம் செய்வோர், மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, உதிர்த்துச் சலித்தபின்னரே பிசைவர். ஏன்? அவிக்காத மாவில் குளூட்டன் உருவாகி, அச்சினுள் ரப்பர்போல் எதிர்த்து நிற்கும். வெப்பம் பட்டால் அப்புரதம் தன் பின்னும் ஆற்றலை இழந்துவிடும். பரோட்டாவுக்கு வேண்டிய குணத்தை இடியாப்பத்தின்பொருட்டு வேண்டுமென்றே அழிக்கின்றனர். புரதவேதியியல் படியாத பெண்டிர் இதனைச் செய்து பார்த்தே கண்டறிந்தனர்.

ஆறிய பின்

காலையில் செய்த இடியாப்பம் மாலையில் விறைக்கும். மீண்டும் ஆவியில் வைத்தால் இளகும். ஆனால் முதல் மென்மை முழுவதும் திரும்பாது. அமைலோபெக்டினின் கெட்டிப்பாடு நீராவியின் சூட்டில் நெகிழ்ந்துவிடும். அமைலோஸின் கெட்டிப்பாடு நெகிழ 100 பாகைக்கும் மேற்பட்ட சூடு வேண்டும்.

உடல்நலம் பற்றிப் பெரியவர்களுக்கு ஒன்று. சர்க்கரை நோயுடையோர் பலர், இடியாப்பம் ஆவியில் வெந்தது, இலேசானது, ஆதலின் எத்தனை உண்டாலும் தீங்கில்லை என்று நம்பி எட்டும் பத்தும் உண்கின்றனர். அமைலோஸ் மிகுந்த அரிசி பொதுவாக மெல்லச் செரிக்கும் என்பது மெய்யே. எனினும் நுண்மாவாக்கி முழுதும் வேகவைத்தபின் அந்நன்மை குறைகின்றது. எண்ணெய் இல்லாமை வேறு. மாப்பொருள் இல்லாமை வேறு. எண்ணி உண்பதும், உண்ட இரண்டு மணி நேரத்தில் குருதியைச் சோதித்து மருத்துவரிடம் காட்டுவதுமே வழி. மற்றொன்று, தேங்காய்ப்பால் ஊற்றி வைத்த இடியாப்பத்தை வெப்பத்தில் நெடுநேரம் விடுதல் கூடாது; வெந்த அரிசியுணவில் சூட்டைத் தாங்கி எஞ்சும் நுண்ணுயிர் வித்துகள் வளர்ந்து வாந்தியை உண்டாக்கும்.

செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனை

ஐயமுடைய மாணவர் வேதியியல் துறை நண்பரோடு சேர்ந்து இதனைச் செய்யலாம். உம் வீட்டு அரிசி, நியாயவிலைக் கடை அரிசி, கடையில் பலகாரத்திற்கெனக் கேட்டு வாங்கிய பச்சரிசி ஆகிய மூன்றிலும் உடையாத, தீட்டிய பச்சரிசி மணிகள் ஆறாறு எடுத்துக்கொள்க; புழுங்கலரிசி இதற்கு ஆகாது. நூற்றுக்கு 1.7 பங்கு வலிமையுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் இட்டு, 30 பாகை வெப்பத்தில் 23 மணி நேரம் அசைக்காமல் வைத்திடுக. முற்றும் கரைந்து பரவிய அரிசி குறைந்த சூட்டில் பசையாவது. ஓரம் மட்டும் விரிந்தது நடுத்தரம். உருமாறாது கிடப்பது மிகுந்த சூடு வேண்டுவது. நெல் ஆராய்ச்சி நிலையங்கள் கையாளும் முறையே இது. பின்பு அதே மூன்று அரிசியையும் ஒரே முறையில் மாவாக்கி, ஒரே சூட்டு நீரில் பிசைந்து, ஒருவர் கையாலேயே பிழிந்து, எது அறுந்தது, எது ஒட்டியது என்று எழுதி வைத்திடுக. அயோடின் துளியை மாவுக் கஞ்சியில் இட்டு நிறம் பார்த்தலும் துணைசெய்யும். ஆழ்ந்த நீலம் அமைலோஸ் உண்மைக்கும், செந்நிறம் கலந்த பழுப்பு அதன் இன்மைக்கும் அறிகுறி. காரக் கரைசல் கையிலும் கண்ணிலும் படலாகாது. சோதித்த அரிசியைக் கோழிக்கும் இடவேண்டா.